தூக்குவது ஜாக்கி, தாங்குவது கட்டை



சென்ற இதழில் வீட்டு மின்சாரக் கம்பிகளைப் பற்றிப் பேசினோம். இந்த இதழுக்கு என்ன எழுதலாம் என்று எண்ணிக் கொண்டிருந்தபோது வந்த கடிதங்களில் மூன்று, ஒரே பொருளைச் சுற்றி இருந்தன. "போத்தல் ஜாக்கி பாதி தூரம் ஏறி நின்றுவிடுகிறதே, ஏன்?" என்று செம்பனைத் தோட்டத்து லோரி ஓட்டுநர் ஒருவர் கேட்டிருக்கிறார். தம் மகன் ஓட்டும் விரைவுப் பேருந்து காலையில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதாம், அது ஆபத்தா என்று ஒரு தாயார் கேட்டிருக்கிறார். பள்ளி விடுமுறையில் வீட்டு வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போன பட்டணத்து இளைஞர் ஒருவர், அதன் இரும்புக் கால்கள் இறங்க மறுத்த கதையை எழுதியிருக்கிறார்.

மூன்று கேள்விக்கும் விடை ஓரிடத்தில்தான் இருக்கிறது. ஒரு பெரிய பாரத்தை எண்ணெயோ காற்றோ தூக்கிப் பிடித்திருக்கிறது. அந்த எண்ணெயும் காற்றும் எப்படி வேலை செய்கின்றன, எப்போது கைவிடுகின்றன என்பது தெரிந்தால் பாதிக் கோளாறை நாமே கண்டுபிடிக்கலாம். அதைவிட முக்கியம், உயிரைக் காத்துக் கொள்ளலாம். தோட்டத்திலும் கம்பத்திலும் வண்டிக்கு அடியில் படுப்பவர் பெரும்பாலும் குடும்பத்தின் தலைவர் அல்லவா? ஆகவே, இந்தப் பகுதியை ஆண்கள் மட்டுமல்லாமல் வீட்டில் உள்ள எல்லாரும் படிக்க வேண்டுகிறேன்.

சிறிய கை, பெரிய பாரம்

முதலில் ஜாக்கியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

நான் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு சோதனை செய்து காட்டுவதுண்டு. ஊசி இல்லாத மருந்துச் சிரிஞ்சுகள் இரண்டு, ஒன்று சிறியது, ஒன்று பெரியது. இரண்டையும் ஒரு மெல்லிய குழாயால் இணைத்து உள்ளே தண்ணீர் நிரப்பிவிடுவேன். வகுப்பிலேயே மெலிந்த சிறுமியிடம் சிறியதைக் கொடுத்து, பலசாலிப் பையனிடம் பெரியதைக் கொடுத்து, இருவரையும் அழுத்தச் சொல்வேன். பையன் முகம் சிவக்க அழுத்துவான். சிறுமி சிரித்துக் கொண்டே அழுத்துவாள். வெல்வது சிறுமிதான்!

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. அடைபட்ட திரவத்தின்மீது கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று பிரான்சு நாட்டு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டிலேயே விளக்கினார். அவர் 1662இல் மறைந்தார். அந்த உண்மையை வைத்துப் பெரிய பாரத்தை அழுத்தும் இயந்திரத்துக்கு 1795இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் ஜோசப் பிராமா. நம் லோரியின் இருக்கைக்கு அடியில் கிடக்கும் போத்தல் ஜாக்கி அந்த இயந்திரத்தின் பேரப்பிள்ளை.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஜாக்கிக்குள் பம்ப் அடிக்கும் சிறிய பிஸ்டன் 1 சென்டிமீட்டர் விட்டம், தூக்கும் பெரிய தண்டு 4 சென்டிமீட்டர் விட்டம் என்று வைத்துக் கொள்ளுங்கள். பரப்பளவில் பெரியது 16 மடங்கு. கைப்பிடியின் நீளத்தால் நம் பலம் இன்னும் 15 மடங்கு கூடுகிறது. நாம் 15 கிலோ பலத்தில் கைப்பிடியை அழுத்தினால் 15 × 15 × 16 = 3600 கிலோ! உராய்வில் கொஞ்சம் போனாலும் மூன்று டன்னுக்குக் குறையாது. ஆனால், இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. சிறிய பிஸ்டன் 2 சென்டிமீட்டர் இறங்கினால் பெரிய தண்டு ஒன்றேகால் மில்லிமீட்டர்தான் ஏறும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பதற்கு ஜாக்கியைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த மூன்று டன்னையும் கீழே விழாமல் பிடித்திருப்பது சில கரண்டி எண்ணெய், விரல் நகம் அளவுள்ள ஓர் எஃகுக் குண்டு, ஒரு ரப்பர் வளையம், இவ்வளவுதான். குண்டின் இருக்கையில் மணல் துகள் ஒன்று சிக்கினாலும், ரப்பர் வளையத்தில் மயிரிழைக் கீறல் விழுந்தாலும் எண்ணெய் நழுவும், பாரம் இறங்கும். சில வேளை மெல்ல இறங்கும். சில வேளை கண் இமைக்கும் நேரத்தில் இறங்கும். அதனால்தான் சொல்கிறேன்: தூக்குவதுதான் ஜாக்கியின் வேலை. தாங்குவது அதன் வேலை அன்று.

முதலில் பார்க்க வேண்டியது தரை

ஜாக்கி பழுது என்று பட்டறைக்குத் தூக்கிக் கொண்டு போவதற்கு முன் ஜாக்கி நின்ற மண்ணைப் பாருங்கள். நம் தோட்டத்துச் செம்மண் வெயிலில் கல், மழையில் களி. "ஜாக்கி ஏறவில்லை" என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் ஜாக்கி ஏறுகிறது, மண் இறங்குகிறது!

போத்தல் ஜாக்கியின் அடிப்பாகம் 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் என்றால் 100 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் 1000 கிலோ ஏறினால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 10 கிலோவைச் சுமக்க வேண்டும். ஈர மண் தாங்குமா? அதே ஜாக்கிக்குக் கீழே 30 சென்டிமீட்டர் சதுரப் பலகை ஒன்றைப் போட்டால் பரப்பளவு 900 ஆகிறது. சுமை சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ சொச்சமாகக் குறைந்துவிடும். ஒரு பலகை செய்யும் உதவியைப் பார்த்தீர்களா?

பலகை இரண்டு அங்குலக் கனமுள்ள கெட்டி மரமாக இருக்கட்டும். பழைய ரயில் தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டைத் துண்டு கிடைத்தால் மிக நல்லது. செங்கல் வேண்டாம், ஓட்டை உள்ள சிமெண்டுக் கல் வேண்டவே வேண்டாம். அவை முன்னறிவிப்பு இல்லாமல் பொடிந்து போகும். செம்பனை மட்டையும் உதவாது. அது நசுங்கும், வழுக்கும்.

காருக்கு ஜாக்கி வைக்கும் இடமும் முக்கியம். காரின் பக்கவாட்டு அடி விளிம்பில் சக்கரத்துக்கு அருகில் இரண்டு சிறிய வெட்டுக் குறிகள் இருக்கும். அங்கேதான் வைக்க வேண்டும். பழைய காரானால் அந்த இடம் துருப்பிடித்திருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். துருப்பிடித்த தகட்டில் ஜாக்கி வைத்தால் அது வண்டியைத் தூக்காது. தகட்டைக் குத்திக் கொண்டு உள்ளே போகும்.

கைப்பிரேக்கை நம்பலாமா?

"கைப்பிரேக் இழுத்துவிட்டேன், கியரும் போட்டுவிட்டேன், வண்டி எங்கே போகும்?" என்று கேட்பவர்கள் உண்டு. போகும் என்பதுதான் பதில். எப்படி என்று விளக்குகிறேன்.

வண்டியின் இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் ஒரு பல்சக்கரப் பெட்டி இருக்கிறது. வளைவில் திரும்பும்போது ஒரு சக்கரம் வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்ற அது வழி விடுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், ஒரு சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால் என்ன ஆகும்? தூக்கிய சக்கரம் காற்றில் பின்பக்கமாகச் சுற்ற, தரையில் உள்ள சக்கரம் முன்பக்கமாக உருளலாம். கியர் அப்படியே இருக்கும். வண்டி மட்டும் நகரும்.

லோரி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாகக் கேளுங்கள். சிறிய, நடுத்தர லோரிகள் பலவற்றில் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர்ப் பெட்டிக்குப் பின்னால் சுற்றும் நீண்ட தண்டைத்தான் பிடிக்கிறது. அந்த வகை லோரியில் பின்சக்கரம் ஒன்றைத் தூக்கிய மாத்திரத்தில் கைப்பிரேக் இருந்தும் இல்லாததுதான். கார்களில் பெரும்பாலும் கைப்பிரேக் பின்சக்கரங்களைப் பிடிக்கும். அங்கும் பின்சக்கரம் ஒன்றைத் தூக்கினால் பாதிப் பிடிப்பு போய்விடும்.

ஆகவே, சக்கரத்துக்குக் கட்டை போடாமல் ஜாக்கியைத் தொடாதீர்கள். தூக்கப் போகும் சக்கரத்துக்கு மூலைவிட்டமாக எதிரில் உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு கட்டை. அந்தக் காலத்தில் மாட்டு வண்டிக்காரர்கள் மேட்டில் வண்டியை நிறுத்தினால் முதலில் தேடியது கல்லைத்தான். அவர்களுக்குத் தெரிந்திருந்ததை நாம் மறக்கலாமா?

சக்கர நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிட்டுத்தான் வண்டியைத் தூக்க வேண்டும். தூக்கிய பிறகு நட்டோடு மல்லுக்கட்டினால் வண்டி ஆடி ஜாக்கியிலிருந்து சரியும்.

போத்தல் ஜாக்கியின் நோயும் மருந்தும்

இனி, லோரி ஓட்டுநர் சகோதரரின் கேள்விக்கு வருவோம். நோயை அறிகுறியிலிருந்து கண்டுபிடிப்பது போல ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஒவ்வொரு சோதனையும் ஜாக்கியை வண்டிக்கு வெளியே வைத்துச் செய்ய வேண்டியது என்பதை மறவாதீர்கள்.

*அறவே ஏறவில்லை:* கீழே உள்ள விடு திருகு இறுக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். வலப்பக்கமாகத் திருப்பினால் மூடும். பலமுறை இதுதான் காரணம்.

*பாதி ஏறி நின்றுவிடுகிறது:* எண்ணெய் குறைவு. தண்டை முழுதும் இறக்கி ஜாக்கியை நேராக நிறுத்துங்கள். பக்கத்தில் உள்ள சிறிய ரப்பர் மூடியைத் திறந்தால் எண்ணெய் அந்தத் துளையின் விளிம்பு வரை தெரிய வேண்டும். குறைந்திருந்தால் ஊற்றுங்கள். அளவுக்கு மேல் ஊற்றினாலும் தண்டு சரியாக வேலை செய்யாது.

*பஞ்சு போல அமுங்குகிறது, துள்ளித் துள்ளி ஏறுகிறது:* எண்ணெயில் காற்று புகுந்துவிட்டது. சிரிஞ்சுச் சோதனையில் ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் சிறுமியின் பலம் பாதி வீணாகும். தண்ணீரும் எண்ணெயும் அமுங்கா, காற்று அமுங்கும். விடு திருகைத் திறந்துவிட்டுக் கைப்பிடியை 10, 15 முறை வேகமாக அடித்துப் பிறகு மூடிப் பாருங்கள். காற்று வெளியேறியிருக்கும். போத்தல் ஜாக்கியை லோரியில் படுக்க வைத்துக் கொண்டு போவதால் வரும் நோய் இது. நிமிர்த்தி வைத்துக் கட்டிப் போடுங்கள்.

*ஏறுகிறது, ஆனால் தானே இறங்குகிறது:* இதுதான் கொடிய நோய். விடு திருகின் இருக்கையில் அழுக்கு இருக்கலாம். ரப்பர் வளையம் தேய்ந்திருக்கலாம். பழைய எண்ணெயைக் கொட்டிப் புதிதாக ஊற்றிப் பாருங்கள். அப்போதும் இறங்கினால் தெரிந்த பட்டறையில் சீல் மாற்றச் சொல்லுங்கள். மாற்ற முடியாது என்றால் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். "இன்னும் ஒரு தடவை" என்று அதை வண்டிக்கு அடியில் வைக்காதீர்கள்.

*ஏறிய தண்டு இறங்கவில்லை:* தண்டு வளைந்திருக்கும் அல்லது துருப்பிடித்திருக்கும். பாரம் அதன் மேலேயே இருந்தால் வேறொரு ஜாக்கியால் பாரத்தை வாங்கிக் கொண்டு பிறகு எடுக்க வேண்டும். சுத்தியலால் தட்டி விளையாடக் கூடாது.

*குறிப்பிட்ட பாரத்துக்கு மேல் தூக்க மறுக்கிறது:* இது நோயே அன்று. அதிக பாரம் ஏறினால் எண்ணெயைத் திருப்பிவிடும் காவல் வால்வு உள்ளே இருக்கிறது. அதைத் திருகி இறுக்காதீர்கள். பெரிய ஜாக்கியைத் தேடுங்கள்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. ஜாக்கிக்கென்று விற்கும் ஹைட்ராலிக் எண்ணெயே சரி. வீட்டில் பிரேக் எண்ணெய் மிச்சம் இருக்கிறதே என்று அதை ஊற்றிவிடாதீர்கள். ஜாக்கிக்குள் இருக்கும் ரப்பர் வேறு. பிரேக்கில் இருக்கும் ரப்பர் வேறு. பிரேக் எண்ணெய் பட்டால் ஜாக்கியின் சீல் ஊதிக் கெட்டுவிடும். முதல் நாள் நன்றாகவே தூக்கும். கெடுதல் பிறகுதான் தெரியும், அப்போது அதன் கீழே யார் படுத்திருப்பாரோ!

அடியில் படுப்பதற்கு முன்

டயர் மாற்றுவதற்கு யாரும் வண்டிக்கு அடியில் போக வேண்டியதில்லை. புகைக்குழாயைக் கட்ட, எண்ணெய் இறக்க, பிரேக் பார்க்க என்றால்தான் போகிறார்கள். அப்போது ஜாக்கியால் தூக்கிய பாரத்தை இரும்புத் தாங்கிகளின்மேல் இறக்கி வைக்க வேண்டும். பட்டறைச் சாமான் கடையில் ஜாக் ஸ்டாண்டு என்று கேட்டால் இரண்டிரண்டாகக் கொடுப்பார்கள். அதில் எண்ணெயும் இல்லை, காற்றும் இல்லை. இரும்பின்மேல் இரும்பு உட்கார்ந்திருக்கும். வைத்த பிறகு வண்டியைக் கையால் நன்றாக அசைத்துப் பாருங்கள். விழுவதானால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும்.

கழற்றிய சக்கரத்தைச் சுவரோரம் சாய்த்து வைக்காதீர்கள். வண்டியின் அடி விளிம்புக்குக் கீழே படுக்க வையுங்கள். எங்கள் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் நடந்தது இது. மருமகன் வேனுக்கு அடியில் புகுந்து புகைக்குழாயைக் கட்டப் போனார். முதல் நாள் மழை. ஜாக்கி மட்டும்தான் முட்டு. வாசலில் உட்கார்ந்திருந்த மாமியார், "தம்பி, அந்த டயரையாவது கீழே தள்ளி வையேன், பார்க்கவே பயமா இருக்கு" என்று விடாமல் நச்சரித்தார். மருமகன் சலித்துக் கொண்டே தள்ளி வைத்தார். கால் மணி நேரத்தில் ஜாக்கி சரிந்தது. வேன் அந்த டயரின்மேல் உட்கார்ந்தது. மருமகன் தோளில் சிராய்ப்போடு ஊர்ந்து வெளியே வந்தார். இப்போது அந்த வீட்டில் மாமியார் சொல்லுக்கு மறுபேச்சு இல்லை என்று கேள்வி!

செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் டிரெய்லருக்கும் இதே சட்டம்தான். பெட்டியைத் தூக்கி நிறுத்தியிருப்பது அதே எண்ணெய். தூக்கிய பெட்டிக்கு அடியில் கையோ தலையோ போக வேண்டுமானால் பெட்டியைக் காலியாக்கி, அதற்கென்று உள்ள இரும்பு முட்டைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். பிள்ளைகளை அதன் பக்கத்தில் விளையாட விடாதீர்கள்.

பேருந்தின் காற்றுப் பை

மகனைப் பற்றிக் கவலைப்பட்ட தாயாருக்கு இனிப் பதில் சொல்ல வேண்டும். நெடுந்தூரப் பேருந்துகள் பலவற்றில் இரும்புப் பட்டை வில்லுக்குப் பதிலாகத் தடித்த ரப்பர் பைகள் இருக்கின்றன. உள்ளே அழுத்திய காற்று. 1953இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் நெடுந்தூரப் பேருந்தில் இதைப் பொருத்தி வெளியிட்டது. பிறகு உலகமெங்கும் பரவியது. துணி இழை வைத்துத் தைத்தாற்போல் வார்த்த ரப்பர் அது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளின் வழிவந்த மரங்களை நம் பாட்டன் பாட்டிமார் சீவினார்கள். அந்த ரப்பர் பயணிகளின் இடுப்பைக் காப்பாற்றுகிறது என்றால் நமக்கும் ஒரு பெருமைதான்.

பேருந்தை மட்டமாக வைத்திருப்பது உயரம் பார்க்கும் வால்வு. அதற்கு ஒரு சிறிய கை உண்டு. ஆட்கள் ஏறினால் உடல் தாழும். கை மேலே போகும். பைக்குள் காற்று நுழையும். ஆட்கள் இறங்கினால் உடல் உயரும், கை கீழே வரும், காற்று வெளியேறும். இவ்வளவுதான் அதன் புத்தி.

காலையில் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அந்தப் பக்கத்துப் பையிலோ, குழாயிலோ, வால்விலோ காற்று கசிகிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவாக இறங்கியிருந்தால் பொதுவான குழாயையும் வால்வையும் பார்க்க வேண்டும். காற்று நிரம்பிய பிறகும் சாய்ந்தே நின்றால் பை குற்றவாளி அன்று. வால்வின் கை வளைந்திருக்கும் அல்லது கழன்றிருக்கும். கம்ப்ரசர் ஓயாமல் ஓடினால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவைப் பார்க்காமல் கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் புதியதும் விரைவில் போய்விடும்.

கசிவைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்போம் அல்லவா? அதேபோல் சோப்புத் தண்ணீரைக் குழாய் இணைப்புகளிலும் பையின் மடிப்பிலும் தடவினால் குமிழி காட்டிக் கொடுத்துவிடும். பை மடியும் இடத்தில்தான் முதலில் வெடிப்பு விழும். அதைக் கழுவ மண்ணெண்ணெய் பயன்படுத்தாதீர்கள். ரப்பருக்கு மண்ணெண்ணெய் எமன் என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லவா வேண்டும்? சோப்பும் தண்ணீரும் போதும். நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். காற்றுத் தொட்டியின் அடியில் தண்ணீர் சேரும். அதை அன்றாடம் திறந்துவிட்டால் வால்வுகள் நெடுநாள் உழைக்கும்.

ஆபத்தா என்று கேட்டீர்கள், அம்மா. இத்தகைய பேருந்துகளில் பிரேக்குக்கும் அதே கம்ப்ரசர்தான் காற்றுத் தருகிறது. பையில் கசிந்தாலும் பிரேக்குக்கு வேண்டிய காற்றைத் தனியாகக் காக்கும் வால்வு உண்டு. ஆனால், காற்று குறைவு என்று மணியோ விளக்கோ எச்சரித்தால் வண்டியை எடுக்கவே கூடாது. சாய்ந்த வண்டியை "ஓடும்போது சரியாகிவிடும்" என்று எடுப்பதும் தவறு. தணிந்த பை டயரில் உரசும். வளைவில் வண்டி சாயும். தம்பி முதலாளியிடம் வாயால் சொன்னால் போதாது. தினசரிக் குறிப்பில் தேதியோடு எழுதி வைக்கட்டும்.

இன்னொன்றையும் மகனிடம் சொல்லுங்கள். காற்றில் நிற்கும் பேருந்துக்கு அடியில் வெறுமனே புகக் கூடாது. தெரியாமல் கை பட்டு வால்வின் கை கழன்றாலே பை காற்றை விட்டுவிடும். முழு உடலும் அடி கணக்கில் அல்ல, சில அங்குலம்தான் இறங்கும். மனிதனின் நெஞ்சுக்கு அந்தச் சில அங்குலம் போதாதா? சட்டத்துக்கு அடியில் தாங்கி வைத்த பிறகுதான் படுக்க வேண்டும்.

வீட்டு வண்டியின் நான்கு கால்கள்

படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வீட்டு வண்டிகள் இப்போது நம் நாட்டிலும் வாடகைக்குக் கிடைக்கின்றன. பெரிய வகைகளில் வண்டி மட்டமாக நிற்க நான்கு இரும்புக் கால்கள் உண்டு. அவையும் ஜாக்கிதான், கைக்குப் பதில் மின்சார மோட்டார் எண்ணெயைத் தள்ளுகிறது.

கால் இறங்க மறுத்தால் வரிசையாகப் பாருங்கள். கைப்பிரேக் முழுதும் இழுத்திருக்கிறதா? இழுக்காவிட்டால் பல வண்டிகளில் பொத்தான் வேலையே செய்யாது. பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறதா? அந்த மோட்டார் மின்சாரத்தை அள்ளிக் குடிக்கும்; இயந்திரத்தை ஓடவிட்டுப் பாருங்கள். பியூஸ் போயிருக்கிறதா? பேட்டரி முனையில் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா? கடைசியாக எண்ணெய். எல்லாக் கால்களும் மேலே இருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். கால் மேலே ஏற மறுத்தால் தண்டில் சேறு காய்ந்திருக்கலாம்; துணியால் துடைத்துப் பாருங்கள். மேலே இழுக்கும் சுருள்வில் தளர்ந்திருக்கவும் கூடும்.

காற்றுப் பையும் உள்ள வண்டியானால் வண்டியோடு வந்த கையேடு சொல்லும் முறைப்படி முதலில் பையின் காற்றை இறக்கிவிட்டுப் பிறகு காலை ஊன்றுங்கள். ஒவ்வொரு காலுக்கும் கீழே பலகை போடுங்கள். மேடான இடத்தில் பின்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பும்வரை காலை உயர்த்தவே கூடாது. கைப்பிரேக் பிடித்திருப்பது அந்தச் சக்கரங்களைத்தானே! அவை எழும்பினால் வண்டி கால்களின் மேலிருந்து சறுக்கி ஓடும். இந்தக் கால்களை நம்பி டயர் கழற்றுவதோ அடியில் படுப்பதோ வேண்டாம். புறப்படுமுன் விளக்கை மட்டும் நம்பாமல், இறங்கிச் சுற்றி வந்து நான்கு காலும் மேலே போய்விட்டதைக் கண்ணால் பாருங்கள்.

வீட்டாருக்கு ஒரு வேலை

எவ்வளவு சொன்னாலும் அவசரத்தில் மனிதன் மறப்பான். வேலைக்கு நேரமாகிறது, மழை வருகிறது, ஐந்து நிமிட வேலைதானே என்று தோன்றும். பதறாத காரியம் சிதறாது என்பதை அந்த நேரத்தில் நினைவூட்ட வெளியே ஓர் ஆள் வேண்டும்.

எனவே, சகோதரிகளே, பிள்ளைகளே, வீட்டில் யார் வண்டிக்கு அடியில் போனாலும் தனியாக விடாதீர்கள். பக்கத்தில் நில்லுங்கள். போவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: சக்கரத்துக்குக் கட்டை போட்டாச்சா? ஜாக்கிக்குக் கீழே பலகை இருக்கா? தாங்கி வைச்சாச்சா? மூன்றுக்கும் "ஆச்சு" என்று பதில் வரும்வரை அவரை விடாதீர்கள்.

அப்படியும் ஆபத்து நேர்ந்துவிட்டால் வண்டியை இயக்கியோ தள்ளியோ நகர்த்தாதீர்கள். உடனே ஒருவர் 999 எண்ணுக்கு அழைக்கட்டும். மற்றவர்கள் இன்னொரு ஜாக்கியால் பாரத்தைத் தூக்குங்கள். ஓர் அங்குலம் எழும்பினால் ஓர் அங்குலக் கட்டை, இரண்டு அங்குலம் எழும்பினால் இரண்டு அங்குலக் கட்டை என்று சொருகிக் கொண்டே வாருங்கள். மீட்கப் போனவரும் அடியில் சிக்கிவிடக் கூடாது.

ஒரு ஜோடி இரும்புத் தாங்கி, இரண்டு சக்கரக் கட்டை, ஒரு பலகை. அடுத்த சம்பளத்தில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும். கட்டையையும் பலகையையும் வீட்டிலேயே அறுத்துக் கொள்ளலாம். மூன்றையும் வண்டியிலேயே போட்டு வையுங்கள். வீட்டில் பத்திரமாக இருக்கும் தாங்கி நடுவழியில் உதவாது.

அடுத்த இதழில், மழைக்காலத்தில் கிணற்று நீரையும் தொட்டி நீரையும் சுத்தமாக வைத்துக் கொள்வது பற்றிப் பேசுவோம். உங்கள் ஐயங்களைத் தொடர்ந்து எழுதுங்கள்.